மேற்படி தொட்டி

அன்று காலை ஒரு முடிவுக்கு வந்தேன். தலைமையாசிரியை அறைக்குள் நுழைவது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வது. "என் மகளுக்குத் தகுந்த பாடம் கொடுக்கப் போகிறீர்களா, இல்லையா?" என்று நேருக்கு நேர் கேட்டுவிடுவது. இதற்காகச் சட்டையைக்கூட இஸ்திரி போட்டுக்கொண்டேன்.

பள்ளிக்கூட வாசல் வரை வீரம் கூடவே வந்தது. உள்ளே கால் வைத்ததும் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு என்னுடையது. பள்ளிக்கூடத் தொட்டிகளைப் பழுது பார்ப்பதும் எங்கள் வேலைதான். அந்தத் தொட்டியைப் பற்றித் தலைமையாசிரியை அம்மா எட்டு மாதத்தில் நான்கு புகார் அனுப்பிவிட்டார். நான்குக்கும் என் கைப்படப் பதில் எழுதியிருக்கிறேன்: 'மேற்படி தொட்டி பரிசீலனையில் உள்ளது.' அவரிடம் போய் என் குறையைக் கவனியுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

ஆனால் கேட்டே ஆக வேண்டியிருந்தது. என் மகள் வாண்டு மூன்றாம் வகுப்பு. பத்துக் கணக்குக் கொடுத்தால், மற்ற பிள்ளைகள் ரப்பரைத் தேடி எடுப்பதற்குள் முடித்துவிடுவாள். முடித்தவள் சும்மா இருக்கக் கூடாதே என்று டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். வகுப்பில் உள்ள முப்பத்தெட்டுப் பேருடைய பென்சிலையும் சீவ வேண்டும். மாதக்கணக்கில் சீவினாள். பிறகு ஒரு நாள் அவள் நோட்டில் ஏழும் ஐந்தும் பதினொன்று என்று இருந்தது.

"ஏன்டி இப்படிப் போட்டே?" என்று கேட்டாள் என் மனைவி.

"சரியா போட்டா பென்சில் சீவணும்மா. தப்பா போட்டா திருப்பிப் போடச் சொல்வாங்க. எல்லாரோடயும் உக்காந்து எழுதலாம்."

எட்டு வயதில் ஒரு குழந்தை தன் அறிவை ஒளித்துவைக்கப் பழகிவிட்டால், பிற்பாடு வைத்த இடம் மறந்துபோகுமே என்று பயந்தேன். என் மனைவியும் பயந்தாள். அவள் பயந்தால் எனக்கு வேலை வைப்பாள்.

"நாளைக்கே போய்ப் பேசுங்க."

"நீயும் வாயேன்."

"மருந்துக்கடையில எனக்கு யாரு லீவு தருவா? அப்பாதானே நீங்க. போய்ப் பேசிட்டு வாங்க."

அப்படிப் போனதுதான், ஒரு சொட்டோடு திரும்பியது. மாலையில் விசாரணை தொடங்கியது.

"பேசினீங்களா?"

"பேசிட்டேன்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என்ன சொன்னாங்க?"

"பரிசீலிக்கிறாங்களாம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்க ஸ்கூலுக்குத்தான் போனீங்களா, இல்ல உங்க ஆபீஸுக்கே போய்க் கேட்டீங்களா?"

இனி தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. மறுநாள் ஒரு நோட்டும் சிவப்புப் பேனாவும் வாங்கினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து பெரிய கணக்கு எழுதினேன். எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, டீச்சர் மாதிரியே. மாலையில் வாண்டுவிடம் கொடுத்தேன்.

"தலைமையாசிரியை உனக்குன்னே தனியா கொடுத்திருக்காங்க. வகுப்புல மூச்சு விடாதே, மத்த பிள்ளைங்க வருத்தப்படும். நானே தினமும் கொண்டுபோய்க் கொடுத்துத் திருத்தி வாங்கிட்டு வரேன்."

அவள் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். ஒரே கணக்கோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினாள். நாக்கு கடைவாய் ஓரத்தில் வெளியே வந்திருந்தது.

"அப்பா, இது வரவே மாட்டேங்குதுப்பா," என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் சொல்லி நான் பல மாதங்களாகக் கேட்டதில்லை. நான் செய்தது பித்தலாட்டம் என்பதே ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

என் மனைவி நினைவுபடுத்தினாள். அவள் நாள் முழுவதும் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். நோட்டை விளக்கருகே கொண்டுபோய்ப் படித்தாள்.

"எழுத்து ரொம்பத் தெளிவு."

"டீச்சராச்சே."

"எல்லாக் கணக்குலயும் தொட்டி, குழாய், ஓட்டையாவே வருதே. ஒரு மாம்பழம், ஒரு ரயிலு எதுவும் காணோம்."

"பாடத்திட்டம் அப்படி இருக்கும்."

"'மேற்படி தொட்டி'ன்னு வேற எழுதியிருக்காங்க."

"மரியாதை தெரிஞ்சவங்க."

"இருக்கும், இருக்கும்," என்று சொல்லி நோட்டை மூடி வைத்தாள்.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. ஓடியது என்பது வாண்டுவுக்கு. நான் தவழ்ந்தேன். ஐந்து கணக்கு எழுதுவதற்கு ஐந்தையும் நான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். அலுவலகக் கவுன்டரில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் கத்தும்போது, எந்தக் குழாய், எத்தனை மணி நேரத்தில் நிரப்பும் என்று கேட்டுவிட்டேன். அவர் மேலதிகாரியைத் தேடிப் போனார்.

அந்தப் பதற்றத்தில்தான் அந்தக் கணக்கை எழுதினேன். 'மேற்படி தொட்டியை ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும். அடியில் உள்ள ஓட்டை நான்கு மணி நேரத்தில் காலியாக்கும். இரண்டும் திறந்திருந்தால் தொட்டி எப்போது நிரம்பும்?' என் கையில் பன்னிரண்டு மணி நேரம் என்று விடை இருந்தது.

வாண்டு எழுதியிருந்தாள்: 'நிரம்பாது. முதலில் ஓட்டையை அடைக்கவும்.'

சிவப்பில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, 'தவறு. திருப்பிப் போடவும்' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் என்று எழுதினாள்.

"எப்படிம்மா பன்னெண்டு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"வரலப்பா. ஆறையும் நாலையும் மாத்திப் போட்டாதான் தொட்டி நிரம்புது, பன்னெண்டு வருது. டீச்சருக்கு அதுதான் வேணும் போல. டீச்சர் தப்புன்னு சொன்னா தப்புதானே?"

கணக்கைத் திரும்பப் படித்தேன். எண்களை மாற்றி எழுதியது நான். ஓட்டை பெரிது, குழாய் சின்னது. அந்தத் தொட்டி இந்த ஜென்மத்தில் நிரம்பாது. பள்ளிக்கூடத்தில் தப்பாக எழுதப் பழகியவளுக்கு வீட்டிலும் நானே அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவமானமாக இருந்தது.

"இல்லம்மா, நீ முதல்ல போட்டதுதான்..." என்று ஆரம்பித்தேன். எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து என் மனைவி முடித்தாள். "சந்தேகம்னா நாளைக்கு தலைமையாசிரியைகிட்டயே கேட்டுடு கண்ணு. அவங்கதானே கொடுக்கறாங்க."

"சரிம்மா," என்றாள் வாண்டு.

காலையில் எழுந்து பார்த்தால் நோட்டைக் காணோம். வாண்டு பைக்குள் வைத்துவிட்டாள் போல; பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் போய்க் கேட்பதற்குள் நானே போய் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அவள் தகப்பன் பொய்யன் என்பதை என் வாயால் சொல்வதுதான் கௌரவம். இஸ்திரி போடாத சட்டையோடு ஓடினேன். தொட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. இந்த முறை சொட்டு காலருக்குள் இறங்கியது. நிற்காமல் போய் அறைக் கதவைத் தள்ளினேன்.

நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

மேசைமேல் சிவப்பு மை நோட்டு. அதன் பக்கத்தில் என் நான்கு பதில்களும் வரிசையாக.

"வாங்க," என்றார் தலைமையாசிரியை. "உங்க கையெழுத்து எட்டு மாசமா பழக்கம். முகத்தை இப்பத்தான் பாக்கறேன்."

"அம்மா, தொட்டி விஷயத்துல என்னை என்ன வேணா சொல்லுங்க," என்றேன். "என் பொண்ணு பென்சில் சீவ வேணாம். தெரிஞ்சதைத் தெரியாதுன்னு எழுத வேணாம். அவளுக்கு வராத கணக்கா கொடுங்க. அவ அதுக்குத்தான் ஏங்கறா."

என் வாழ்க்கையில் நான் பேசிய ஒரே வீர வசனம் அது.

"இதையேதான் உங்க வீட்டம்மா முதல் வாரமே வந்து சொன்னாங்க," என்றார் அவர். "ஆதாரம் கேட்டேன். தினமும் இந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்பினாங்க. இன்னிலேர்ந்து கணக்குக்கு மட்டும் அஞ்சாம் வகுப்புல உக்காருவா. தனியா ஒரு பெரிய கணக்கும் கொடுக்கப் போறேன்."

"என்ன கணக்கு?"

"உங்களுக்கே வரும்."

வெளியே வந்ததும் மனைவியைக் கேட்டேன். "முதல் வாரமே தெரிஞ்சும் ஏன் சொல்லலே?"

"நோட்டு பாதிதான் நிரம்பியிருந்துச்சு. சொல்லியிருந்தா எழுதறதை நிறுத்தியிருப்பீங்க."

"லீவு கிடைக்காதுன்னியே?"

"பரிசீலிச்சாங்க," என்றாள்.

வாண்டுவின் கணக்கு நான்காம் நாள் கவுன்டருக்கு வந்தது. உறை மேல் குண்டு குண்டாக அவள் எழுத்து. உள்ளே ஒரு புகார். மேற்படி தொட்டியின் கீழே பத்து லிட்டர் வாளி வைத்ததாகவும், அது நிரம்ப ஒரு மணி நேரம் ஆனதாகவும், எட்டு மாதத்தை இருநூற்று நாற்பது நாளாகக் கொண்டால் இதுவரை ஐம்பத்தேழாயிரத்து அறுநூறு லிட்டர் வீணானதாகவும் எழுதியிருந்தாள். இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

பின்னால் என் பழைய பதில்கள் நான்கும் சேர்த்துக் குத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. கீழே: 'தவறு. திருப்பிப் போடவும்.'