கொட்டேஷன் அக்கா கேட்ட முன் அனுமதி

ஒரு குண்டூசி வாங்குவதானாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு, மூன்றையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, குறைந்த விலை சொன்னவனிடம்தான் வாங்க வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் ஆதி விதி. அப்படி வாங்கிய குண்டூசி நாலு காகிதத்தைச் சேர்த்துக் குத்தினால் வளைந்துபோகும். போகட்டும், குத்துவதற்காகவா வாங்குகிறார்கள்? விதிப்படி வாங்குவதற்காக வாங்குகிறார்கள்.

இந்த விதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்தவள் கொள்முதல் பிரிவின் கண்காணிப்பாளர். அலுவலகம் முழுக்க அவளுக்குக் கொட்டேஷன் அக்கா என்றே பெயர். வீட்டுக்குத் தலையணை உறை வாங்கினாலும் மூன்று கடை ஏறி இறங்குவாள். மூன்று மாப்பிள்ளை பார்த்ததில் குறைந்த செலவில் முடிந்தவர்தான் அவள் கணவர். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. ரெண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்த்ததில் மார்பு வற்றிப்போயிருந்தது. எந்தச் சட்டை போட்டாலும் முன்பக்கம் தொளதொளவென்று கிடக்கும். உள்ளே பஞ்சு வைத்துச் சமாளித்து வந்தாள். ஒருநாள் சாமான் அறையில் மேல் தட்டிலிருந்து காகிதக் கட்டை இறக்கும்போது ஒரு பக்கத்துப் பஞ்சு நழுவி வயிற்றுக்கு வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடியே நடமாடினாள். வீட்டுக்கு வந்து அழுதாள். அழுது முடித்து முகம் கழுவியதும், மார்பைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்வது என்று தீர்மானித்தாள்.

"எனக்கு நீ இப்படி இருக்கிறதே சரிதான்," என்றார் கணவர்.

"உங்களுக்குச் சரி. கண்ணாடி முன்னாடி நிக்கிறது நானாச்சே."

அதுவும் நியாயம்தான் என்றார் அவர். பிடித்துப் பிடித்துச் சேர்த்த பணம் அவள் கையில் இருந்தது. அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அக்காவுக்கு ஒரு சுற்றறிக்கை ஞாபகம் வந்துவிட்டது.

மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் எதற்குச் செலவு செய்தாலும் ஊழியர் முன் அனுமதி பெற வேண்டும் என்கிறது அந்தச் சுற்றறிக்கை. லஞ்சம் வாங்கிச் சொத்துச் சேர்ப்பவர்களைப் பிடிக்கப் போட்டது. போட்ட நாளிலிருந்து ஒருவரும் பிடிபடவில்லை. மேலாளர் வீடு கட்டினார், மாமியார் பெயரில். கணக்கு அதிகாரி கார் வாங்கினார், மைத்துனர் பெயரில். மார்பை மாமியார் பெயரில் வாங்க வழியில்லை. வழியிருந்தாலும் அக்கா செய்திருக்க மாட்டாள், அவள் பிறவி அப்படி. உள்ளது உள்ளபடி எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலாளர் மேசையில் வைத்தாள்.

இப்படி ஒரு விண்ணப்பம் அந்த அலுவலகத்துக்கு வந்ததே கிடையாது. வந்ததே இல்லாத ஒன்று வந்தால் குழு அமைக்க வேண்டும். மேலாளர் தலைவர், கணக்கு அதிகாரி உறுப்பினர். பெண் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று விதி இருந்ததால் தபால் பிரிவு அம்மாவைச் சேர்த்தார்கள். அந்த அம்மா பேச வேண்டும் என்று விதி இல்லை, ஆகையால் அவர் பேசவில்லை.

முதல் கூட்டத்தில் கணக்கு அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இருப்பில் உள்ளவை பழுது பார்த்தும் பயன்படாதவை என்ற சான்றிதழ் எங்கே என்று கேட்டார். புது நாற்காலி வாங்கினால் பழைய நாற்காலிக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும், அதில் நாற்காலிக்கு ஒரு நியாயம் மற்றவற்றுக்கு ஒரு நியாயம் கிடையாது என்றார். அக்காவுக்குக் காது மடல் சிவந்தது. கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பாழாய்ப்போன மனசு அவர் கேட்டது விதிப்படி சரிதானே என்று சொல்லித் தொலைத்தது. கடைசியில் சான்றிதழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மூன்று கொட்டேஷன் வரட்டும் என்று மேலாளர் பெரிய மனசு பண்ணினார்.

அக்கா கிளம்பினாள். முதல் மருத்துவமனையில் நடுக்கூடத்தில் செயற்கை அருவி கொட்டியது. டாக்டர் சுவரில் படமாக இருந்தார், ஆளாக இல்லை. ஆலோசகர் என்ற ஒரு பெண் வழவழ அட்டையைப் பிரித்து, வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று பேக்கேஜ் காட்டினாள். வைரத்தில் சேர்ந்தால் மூக்குக்குப் பாதி விலையாம். என் மூக்குக்கு என்ன குறை என்று அக்கா கேட்டதற்கு, இதுவரைக்கும் யாரும் சொல்லலையா மேடம் என்று அந்தப் பெண் பரிதாபப்பட்டாள். போன வருஷம் பெரிய சைஸ்தான் ஃபேஷன், இந்த வருஷம் இயற்கையாகத் தெரிகிற சைஸ் என்றும் சொன்னாள். அப்படியானால் போன வருஷம் செய்துகொண்டவர்கள் கதி? அவர்களுக்குக் குறைக்கிற பேக்கேஜ் தனியாக இருக்கிறதாம், பழைய வாடிக்கையாளர் என்றால் தள்ளுபடியும் உண்டாம்.

இரண்டாவது இடம் ஒரு செருப்புக்கடைக்கு மாடியில். விலை பாதிக்கும் பாதி. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் யார் என்று கேட்டாள். அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம், இன்றைக்கே முன்பணம் கட்டினால் இன்னும் குறைக்கலாம், தோழியைக் கூட்டிவந்தால் அதற்கும் மேல் என்றார்கள். விலையை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு அக்கா படி இறங்கினாள்.

மூன்றாவது இடத்தில் ஒரு பெண் டாக்டர் மேசைக்குப் பின்னால் சாதாரணமாக உட்கார்ந்திருந்தார். யார் சொல்லிச் செய்துகொள்கிறீர்கள் என்று முதலில் கேட்டார். நானேதான் என்றாள் அக்கா. பிறகு பரிசோதனை, மயக்க டாக்டர், அறை வாடகை, பின்னால் வந்து காட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் என்ன ஆகும் என்று சொன்னார். உள்ளே வைக்கிற சிலிகான் பை ஆயுசு முழுக்க வராது, சில வருஷம் கழித்து மாற்ற வேண்டி வரலாம், அந்தச் செலவையும் இப்போதே மனசில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். படத்தில் இருக்கிற மாதிரி வராது, உங்களுக்கு எது பொருந்துமோ அதுதான் வரும் என்றார். அக்காவுக்கு அந்த டாக்டரை ரொம்பப் பிடித்துவிட்டது. பிடிக்கிறதெல்லாம் விதியில் எங்கே எழுதியிருக்கிறது?

இரண்டாம் கூட்டத்தில் மூன்று கொட்டேஷனும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்டன. உள்ளே வைக்கிற பைகள் மில்லி கணக்கில் வருபவை என்று தெரிந்ததும் கணக்கு அதிகாரி உற்சாகமாகிவிட்டார். மொத்த விலையை மில்லியால் வகுத்து, செருப்புக்கடை மாடியே மலிவு என்று நிரூபித்தார். அதிலும் பெரிய சைஸ் எடுத்தால் மில்லிக்கு விலை இன்னும் இறங்குகிறது, ஆகவே சிக்கனம் கருதிப் பெரியதே எடுக்கலாம் என்று பரிந்துரைத்தார்.

"எண்ணிக்கை கூட எடுத்தா தள்ளுபடி கேட்டீங்களா?" என்றார் மேலாளர்.

"ரெண்டுதான் சார் வேணும்."

"அப்ப ஒண்ணு பண்ணலாம். இந்த நிதியாண்டுல ஒண்ணு, அடுத்த நிதியாண்டுல ஒண்ணு. வரம்புக்குள்ள வந்துடும், அனுமதியே தேவைப்படாது."

தபால் பிரிவு அம்மா இருமினார். அதைக் குறிப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

அக்கா தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "சார், உடம்பு என்னோடது. பணமும் என்னோடது. நான் மூணாவது டாக்டர்கிட்டதான் போவேன்."

"உடம்பு உங்களோடது, பணம் உங்களோடது, யார் இல்லேன்னா? விதி நம்ம எல்லாருக்கும் பொது. குறைஞ்ச விலைக்காரனை விட்டுட்டு வேற இடம் போகக் கூடாதுன்னு எனக்கே சொல்லிக் கொடுத்தது நீங்கதானே?" என்றார் மேலாளர்.

மூன்றாவது கூட்டத்தில், இப்போது அனுமதி கொடுத்து நாளைக்கு ஃபேஷன் மாறிவிட்டால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி கிளம்பியது. நாலாவது கூட்டம் மேலாளருக்கு ஜலதோஷம் என்று தள்ளிப்போனது. டாக்டர் கொடுத்திருந்த தேதியோ நெருங்கிக்கொண்டே வந்தது. இதை விட்டால் அந்த டாக்டர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறார், திரும்ப வர ரொம்ப நாளாகும். அக்காவுக்குத் தூக்கம் போயிற்று.

கணவர் ஒரு வழி சொன்னார். சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம் என்று லீவு எழுது என்றார். அக்காவுக்குச் சித்தப்பாவே கிடையாது. கை கூசக் கூச எழுதிக்கொண்டு போனாள். மேலாளர் நின்றபடியே கையெழுத்துப் போட்டு, மணமக்களுக்கு என் வாழ்த்தையும் சொல்லுங்க என்றார். உண்மையைச் சொன்ன விண்ணப்பம் மாதக்கணக்காக இழுக்கிறது, பொய் சொன்னது ஒரு நிமிஷத்தில் நிறைவேறிவிட்டது. போன வருஷம் இதே மேலாளர் வழுக்கைத் தலையோடு மைத்துனி கல்யாணத்துக்கு லீவில் போய், தலை நிறைய முடியோடு திரும்பி வந்தது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வலித்தது, இல்லை என்று சொல்ல முடியாது. கையைத் தூக்க முடியாமல், கணவர்தான் தலை வாரிவிட்டார். லிஃப்ட் கம்பியை முறுக்குகிற மாதிரி பின்னினார். கட்டெல்லாம் அவிழ்த்து, ஒருநாள் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். சட்டை உடம்போடு பாந்தமாக உட்கார்ந்திருந்தது. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் காரணமே இல்லாமல் நாலு நடை நடந்தாள்.

வேலைக்குத் திரும்பிய வாரத்திலேயே குழு கூடியது. அக்காவைக் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்தார்கள். கல்யாணச் சாப்பாடு உடம்பில் ஒட்டியிருக்கிறது, முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது என்றார் மேலாளர். கணக்கு அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். தலைவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். தலைவர் தலையசைத்தார். சாயங்காலம் ஆணை வந்தது.

"விண்ணப்பதாரரைக் குழு நேரில் பார்வையிட்டது. விண்ணப்பத்தில் கூறப்பட்ட குறை எதுவும் காணப்படவில்லை. தற்போதைய நிலையே போதுமானது, திருப்திகரமானது. எனவே அனுமதி மறுக்கப்படுகிறது. இல்லாத குறையைக் கூறிக் குழுவின் பொன்னான நேரத்தை வீணாக்கியதற்காக விண்ணப்பதாரர் எச்சரிக்கப்படுகிறார்."

அக்கா அதை ரெண்டு தடவை படித்தாள். அவள் உடம்பைப் பற்றி இத்தனை நல்ல வார்த்தை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை, அதுவும் முத்திரை குத்தி. பெற்றுக்கொண்டேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், ஃபைல் மூடிவிடும், விஷயம் யாருக்கும் தெரியாமல் போயே போய்விடும். பேனாவை எடுத்துவிட்டாள். எடுத்தவள் கண்ணில் அது பட்டது. ஆணையில் தேதி இல்லை.

தேதி இல்லாத ஆணை செல்லாது. அப்பேர்ப்பட்ட காகிதத்தில் கையெழுத்துப் போட அக்காவுக்குக் கை வந்ததே இல்லை, இப்போதும் வரவில்லை. வேண்டாம், விட்டுத் தொலை என்று மனசு கெஞ்சியது. கை கேட்கவில்லை. சிவப்பு மையில் குறையைச் சுட்டி எழுதித் திருப்பி அனுப்பினாள்.

இப்படி ஒருவர் இருப்பதால்தான் ஆபீஸ் ஓடுகிறது என்று மேலாளர் மனதாரப் பாராட்டினார். திருத்துவதென்றால் சும்மா திருத்த முடியாது, குழு மறுபடி கூட வேண்டும், மறுபடி நேரில் பார்வையிட வேண்டும். அது வரைக்கும் அக்கா தினமும் அதே சட்டைகளில், நிமிர்ந்த நடையோடு, நேரத்துக்கு வேலைக்கு வந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு மார்பு இருக்கலாமா கூடாதா என்பது இன்றைய தேதி வரைக்கும் பரிசீலனையில் இருக்கிறது.