லைப்ரரியைக் காணோம் என்ற மூன்று கணினிகள்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளையின் பணிவான வணக்கம். இங்கே உங்கள் மகள் நலம், பிள்ளைகள் நலம், நான் வயிற்றெரிச்சலோடு நலம். அத்தையின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நான் எழுதிய மென்பொருளைத் தள்ளிவிட்டு, சகலை எழுதியதையே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று மச்சான் போனில் சொன்னான். முடிவெடுக்கும் முன் என் தரப்பையும் கேளுங்கள். லென்ஸ் அளவுச் சீட்டை அச்சடிக்க நானும் அவரும் நம்பியிருப்பது ஒரே லைப்ரரியைத்தான், புத்தக லைப்ரரி இல்லை மாமா, அச்சடிக்கும் வேலைக்கென்று யாரோ முன்பே எழுதிவைத்த தனிக் கோப்பு, மென்பொருளைத் திறந்ததும் அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும், உங்கள் கடையிலோ மூன்று கணினிக்கும் மூன்று இயங்குதளம், ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் தேடும், நான் வந்து திறந்தால் மூன்றும் பேசிவைத்துக்கொண்டது போல "லைப்ரரியைக் காணோம்" என்றன, வாடிக்கையாளர்கள் முன்னால் மூக்குடைந்து நின்றேன், மச்சான் வேறு, "என்ன அத்தான், வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தான்.

மறுநாள் சகலை வந்தாராம், திறந்தாராம், மூன்றிலும் ஓடியதாம், நீங்கள் எழுந்து உங்கள் நாற்காலியையே அவருக்குக் கொடுத்தீர்களாம். இத்தனை வருஷத்தில் எனக்கு அந்த முக்காலியைத் தவிர வேறு எதையாவது காட்டியிருக்கிறீர்களா? அப்படி என்ன கிழித்துவிட்டார் அவர்? லைப்ரரியை மென்பொருளுக்குப் பக்கத்திலேயே வைத்து, "எங்கயும் போகாதே, பக்கத்துலயே பாரு" என்று சொல்லிவைத்திருக்கிறார். இது ஒரு வித்தையா மாமா? என்னுடையது தானே தேடி எடுத்துக்கொள்ளும், சுயமரியாதை உள்ள மென்பொருள். என் வீட்டுக் கணினியில் ஒரு நாள்கூடத் தடுமாறியதில்லை. ஆகவே கோளாறு உங்கள் கணினிகளில்தான். குறை கண்டுபிடிப்பதற்கென்றே, நான் என்னுடையதை எழுதத் தொடங்கும் முன்பே அவருடைய மென்பொருளை வாங்கி என் கணினியில் போட்டுவைத்து ரொம்ப நாளாகக் குடைகிறேன். ஒன்றும் சிக்கவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது. ஆமாம், எனக்குப் பொறாமைதான். அதற்காக நான் சொல்வது பொய்யாகிவிடுமா?

அத்தைக்கும் மச்சானுக்கும் என் அன்பு. சகலைக்கும் சொல்லுங்கள், ரொம்பச் சத்தமாக வேண்டாம்.

இப்படிக்கு,
முதலில் வந்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட கையோடு, ஆத்திரத்தில் சகலையின் மென்பொருளை என் கணினியிலிருந்து துடைத்தெறிந்தேன். இப்போது என்னுடையதும் திறக்கவில்லை. "லைப்ரரியைக் காணோம்" என்கிறது. இத்தனை நாளும் அது அவர் மென்பொருள் இருந்த இடத்துக்குப் போய், அவர் லைப்ரரியை எடுத்துத்தான் ஓடியிருக்கிறது. உங்கள் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி வீட்டுக்காரருக்குப் போன் போடட்டுமா?" என்கிறாள். நாற்காலியை அவரே வைத்துக்கொள்ளட்டும் மாமா. இந்தப் பக்கம் எப்போது வருவார் என்று மட்டும், நான் கேட்டதாகச் சொல்லாமல், கேட்டுச் சொல்லுங்கள்.