சுபேதார் என்கிற சிவகாமி

இந்தக் கதையில் நீங்கள் வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது கடைசியில் வருகிறது. இப்போதே சிரித்துத் தீர்த்துவிட்டு, அந்த இடம் வரும்போது வெறும் வாயோடு என் முகத்தைப் பார்க்கக் கூடாது. சிரிக்கலாம் என்று நானே சொல்லுவேன். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

முதலில் என்னைப் பற்றி. பெயர் கல்யாணசுந்தரி. வயது பதினைந்து. எனக்கு இருப்பது ஒரே தொண்டைதான், ஆனால் பாதித் தென்காசி அதில் குடியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் "திருநவேலி, திருநவேலி, ஆலங்குளம் வழி" என்று கூவுகிற கண்டக்டர், மூக்கால் கணக்குச் சொல்லித் தருகிற எங்கள் டீச்சர், காலையில் தண்ணீரோடு வருகிற பால்காரர், எல்லோரும் உண்டு. வாடகை வாங்குவதில்லை.

ஒரு நாள் மச்சிலிருந்து அப்பா குரலில், "குழலு, ஒரு காப்பி கொண்டா" என்றேன். காப்பி வந்தது. கொண்டுவந்த அம்மா டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "உங்கப்பா காப்பி கேக்கதுக்கு முன்னால ஒரு செருமல் செருமுவாக. அதை விட்டுட்டியேட்டி" என்று திருத்திவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். என் அம்மா குழல்வாய்மொழி அப்படிப்பட்டவள். இதற்கும் சிரிக்க வேண்டாம்.

அப்பா பால்வண்ணநாதன், பத்திர எழுத்தர். நிலம் வாங்குகிறவர், விற்கிறவர், பிரித்துக்கொள்கிறவர் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். எழுதி எழுதி அவர் பேச்சும் பத்திரமாகிவிட்டது. "மேற்படி ரசத்தில் உப்பு பாத்தியதை இல்லையே" என்றுதான் சாப்பாட்டில் குறை சொல்லுவார். சுத்த சைவம். மீன்காரி எங்கள் தெருவில் போனால் அவர் மூக்கு அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

எங்கள் பூனை சிவகாமி. பத்திரப் பெட்டியை எலியிடமிருந்து காக்க அப்பா வளர்த்தது. "பூனைன்னா எங்க வீட்டுப் பூனைதான். தயிர்ச் சாதத்தைத் தவிர வேற எதையும் ஏறெடுத்துப் பாக்காது. பிரதோஷத்தன்னைக்கு அதுகூடக் கிடையாது" என்று தேவாரக் கூட்டத்தில் போய்ப் பெருமை அடித்துக்கொள்வார். அப்படியானால் எலி என்ன கீரைத் தண்டா என்று யாரும் கேட்கவில்லை.

இந்தச் சிவகாமி திடீரென்று தயிர்ச் சாதத்தை ஏறெடுத்துப் பார்ப்பதையும் நிறுத்தியது. ஆனால் இளைக்கவில்லை. ஊதிக்கொண்டே போயிற்று. சந்தேகம் வந்த அப்பா, கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறிப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தார்.

பக்கத்து வீடு முத்துராமலிங்கம் மாமாவுடையது. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு, சுபேதார் ஆகாமலே வந்துவிட்டார். அந்தப் பதவியை இப்போது யாருக்கோ கொடுத்து அதட்டிக்கொண்டிருந்தார்.

"சுபேதார்! ஃபால் இன்!"

எங்கள் சிவகாமி வாலை விறைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றது. தட்டில் நெத்திலிக் கருவாடு, வறுத்தது.

"வே ஹவில்தார்வாள்!" அப்பா கல் மேல் நின்றே கத்தினார். "மேற்படி பூனை என் சர்வ சுதந்திர அனுபோகத்துக்கு உட்பட்டது, தெரியுமா?"

"உம்ம பூனைன்னா யூனிபாரம் மாட்டி விட்டிருக்கணும் அண்ணாச்சி. வந்துச்சு, பசின்னுச்சு, ரேஷன் போட்டேன்."

"அது சைவம் வே!"

"ஆரு சொன்னா? அதுவா சொல்லிச்சு?"

"நெத்திலி பக்கம் அது காலே வைக்காது!"

"காலு வைக்கல அண்ணாச்சி. வாயைத்தான் வெச்சுது."

"அதும்போக, அது பொம்பளப் பூனை! சுபேதாராம், சுபேதார்!"

"பட்டாளத்துல அதெல்லாம் பாக்கதில்ல."

அப்பா கல்லிலிருந்து இறங்கினார். வீட்டுக்குள் வந்து, சாட்சிகளாகிய எங்கள் இரண்டு பேர் முன்னிலையில் வாசித்தார்: "இன்று முதல் மேற்படி வீட்டோடு பேச்சு வார்த்தை, கொடுக்கல் வாங்கல், சுவர் வழி எட்டிப் பார்த்தல், யாவும் ரத்து. கருவாடு தொட்ட கை எதுவும் இந்த வீட்டுப் படி ஏறப்படாது. பூனை தானா திரும்பி வார வரைக்கும் இதுதான் ஷரத்து."

அம்மா கேட்டாள்: "அப்பம் குத்தாலம்?"

இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனி பிறந்து தென்காசித் தெருவில் சாரல் விழுந்துவிட்டால், அம்மாவும் ஹவில்தார் சம்சாரம் தங்கத்தாய் அத்தையும் ஒரே வண்டியில் குற்றாலம் போவார்கள். அருவியில் குளித்து, ஈரத் தலையோடு உட்கார்ந்து கட்டுச்சோறு தின்று, வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்ததைப் பேசிவிட்டு வருவார்கள். அடுப்பும் அப்பாவும் இல்லாத நாள் அம்மாவுக்கு வருஷத்தில் அது ஒன்றுதான். இந்த வருஷம் ஆடியே வந்துவிட்டது. அருவி கொட்டுகிறது என்று பஸ்ஸில் வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"குத்தாலமும் ரத்து" என்றார் அப்பா.

"சரி" என்றாள் அம்மா.

அப்பா நிம்மதியாகச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். பாவம். அம்மா சண்டை போட்டால் தப்பிக்கலாம். ஒரே வார்த்தையில் 'சரி' என்றால் எனக்கே முதுகு சில்லிடும்.

பூனையை மீட்கிற வேலை தொடங்கியது. முதலில் பசும்பால். சிவகாமி குடித்துவிட்டுச் சுவரேறிப் போனது. அடுத்து நெய்ச் சோறு. தின்றுவிட்டுச் சுவரேறிப் போனது. அப்புறம் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி சுந்தரி. நீ அந்த ஹவில்தார் மாதிரி பேசுவியாமே?"

"ஐயோ, நானா? எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா."

"எல்லாம் தெரியும். கூப்பிடு அதை."

வயிற்றை எக்கி, மீசை இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு விடு விட்டேன்: "சுபேதார்! ஃபால் இன்!"

சுவர் மேல் இரண்டு காதுகள் தெரிந்தன. பூனை பாய்ந்து வந்து அப்பா முன்னால் விறைப்பாக நின்றது. அப்பா முகம் பூத்துவிட்டது. பூனை அவர் வலது கையை மோந்து பார்த்தது. இடது கையை மோந்து பார்த்தது. ஏமாற்றுக்காரனைப் பார்க்கிற மாதிரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டது.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்: "குரலு சரியாத்தான் இருக்கு. சரக்குதான் இல்ல."

"சரக்குன்னா? குழலு, நீ என்ன சொல்லுதே?"

"நான் என்னத்தச் சொல்லுதேன்? அரிசியில கல்லு கெடக்கு."

மறுநாள் சாயங்காலம் அப்பா கொல்லையில் உலாத்திக்கொண்டிருந்தார். நான் அப்போது அவர் பக்கத்தில் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஹவில்தார் குரல் வந்தது.

"சுபேதார், நல்லாத் தின்னு. அண்ணாச்சி வீட்டுல உனக்கு இதெல்லாம் ஆரு வாங்கித் தருவா? கருவாட்டுக் கடை எந்தத் திக்குல இருக்குன்னு அவுகளுக்குத் தெரியுமா? அதுக்கெல்லாம் நெஞ்சுல தெம்பு வேணும்!"

அப்பாவுக்கு மீசை கிடையாது. இருந்திருந்தால் துடித்திருக்கும்.

அடுத்த நாள் அப்பா குடையோடு கிளம்பினார். வெயிலும் இல்லை, சாரலும் இல்லை. குடையை மட்டும் மூக்கு வரை இறக்கிப் பிடித்திருந்தார். "என்னன்னு பாத்துட்டு வா" என்று அம்மா என்னைப் பின்னால் அனுப்பினாள்.

சந்தையில் அலிமா அக்கா கடை. அப்பா மூன்று தடவை தாண்டிப் போனார். நாலாவது தடவை நின்று, குடைக்குள்ளிருந்து பேசினார்.

"மேற்படி சரக்கு கொஞ்சம் வேணும்."

"எந்தச் சரக்குண்ணாச்சி?"

"அதான். கடல் சம்பந்தப்பட்டது."

"உப்பா?"

"உப்புலயே கெடக்குமே, அது."

"கருவாடுன்னு சொல்லுங்களேன்! ஆருக்கு? வீட்டுக்கா?"

"சிவ சிவா! ஒரு கட்சிக்காரருக்கு. பத்திரம் எழுத வந்திருக்காரு."

"கட்சிக்காரரு நெத்திலி தின்னுவாரா, சாளை தின்னுவாரா?"

"நெத்திலி. பல்லு சின்னது அவருக்கு."

தேக்கிலைப் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கி, கையை உடம்பை விட்டு எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டிக்கொண்டு நடந்தார். சந்தை வாசலில் ஒரு சாம்பல் பூனை சேர்ந்துகொண்டது. ரத வீதியில் இரண்டு. எங்கள் தெருவுக்குத் திரும்பும்போது, முன்னால் குடை பிடித்த அப்பா, பின்னால் வாலைத் தூக்கிக்கொண்டு தென்காசிப் பூனைகள் என்று ஒரு சப்பர ஊர்வலமே வந்தது. மேளம்தான் இல்லை. அடக்க முடியாமல் நான் வாயாலேயே கொஞ்சம் நாயனம் வாசித்தேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். நகரவில்லை.

"வழி விடு குழலு."

"கருவாடு தொட்ட கை படி ஏறப்படாதுன்னு வாசிச்சீகளே. நான் என்ன செய்ய?"

"அது அவங்களுக்குச் சொன்னது."

"ஷரத்துல பேரு போடலியே நீங்க."

அப்பாவை அவர் பத்திரமே பிடித்துக்கொண்டது. காலைச் சுற்றிப் பூனைகள். அந்த நேரம் பார்த்துத் தெருமுனை வீட்டுக் கதவு திறந்தது. ஆவுடையப்பப் பிள்ளை, அப்பாவுக்குத் தேவாரக் கூட்டத்தில் பக்கத்துப் பலகை, விபூதியும் வெற்றிலையுமாக வெளியே வந்தார்.

"குழலு! ஆவுடையப்பன் வாரான்! என்னத்தையாவது செய்!"

"தங்கத்தாயக்காகிட்டக் குடுத்து வைக்கலாம். வேணுங்கப்பம் ஒவ்வொண்ணா வாங்கிக்கிடலாம். ஆனா பேச்சு ரத்தாச்சே."

"ரத்தை ரத்து செஞ்சாச்சு! கொண்டு போ!"

அம்மா முந்தானையால் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். மதியம் வரை வரவில்லை. அங்கிருந்து இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர்கள் சிரிக்கலாம். நீங்கள் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

அம்மாவுக்கு முன்னால் ஹவில்தார் மாமா வந்துவிட்டார். சட்டையில் மெடல் எல்லாம் குத்தியிருந்தது. வாசலில் நின்று அப்பாவுக்கு ஒரு சல்யூட் அடித்தார். கண்ணில் தண்ணீர்.

"அண்ணாச்சி! நான் பர்மாவுல குண்டு மழைக்கு நடுவுல நின்னவன். அப்பம் கலங்கல. ஒரு சைவப் பிள்ளை, எனக்காகக் கருவாட்டுக் கடையில போயி நின்னு, தன் கையால வாங்கி அனுப்பியிருக்காகன்னு தங்கம் சொன்னா பாருங்க, அப்பம் கலங்கிட்டேன். இதுக்கு மேல ஒரு மனுசன் எப்படிச் சமாதானம் சொல்ல முடியும்?"

"அது... நான் வந்து... மேற்படி சரக்கு..." என்று அப்பா ஆரம்பித்தார்.

மாமாவுக்குப் பின்னால் வந்த அம்மா முடித்து வைத்தாள்: "அவுகளுக்குச் செஞ்சதைச் சொல்லிக் காட்டுதது பிடிக்காது அண்ணாச்சி."

"பெரிய மனசு!" என்று மாமா அப்பாவைக் கட்டிக்கொண்டார். மெடல் குத்தியதில் அப்பா "ஆ" என்றார். அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு மாமா இன்னும் இறுக்கினார். "இன்னைக்கு உங்க வீட்டுல தயிர்ச் சாதம் சாப்பிடுதேன். நாளைக்கு ரெண்டு வீடும் குத்தாலம். வண்டி என் பொறுப்பு!"

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"சரி" என்றாள் அம்மா.

மறுநாள் காலை குதிரை வண்டி கிளம்பியது. முன்னால் அப்பாவும் மாமாவும். பின்னால் கட்டுச்சோறு, அம்மா, அத்தை, நான். மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. அருவி தூரத்தில் இரைந்தது. அம்மா இப்போதே தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"பூனை உங்க வீட்டுலதானே அண்ணாச்சி?" என்றார் மாமா. "நான் ஊருல இல்லாதப்பவே வரத்து நின்னுபோச்சுன்னு தங்கம் சொல்லுதா."

"எங்க வீட்டுல இல்லியே. உம்ம வீட்டுலன்னு நெனச்சேன்."

அத்தை பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்: "அது தெருமுனை வீட்டுல கெடக்கு. ஆவுடையப்பண்ணாச்சி திரட்டுப்பால் ஊட்டுதாக. மகாலட்சுமின்னு பேரும் வெச்சாச்சு."

வண்டியின் முன்பக்கம் கொதித்தது. இரண்டு தலைகள் நெருங்கின.

"விடக் கூடாது அண்ணாச்சி. பிளான் போடணும்."

"ஒரே வழிதான் வே. ஆவுடையப்பனுக்கு ரோஷம் வார மாதிரி சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நாலு வார்த்தை விடணும். நீரு என்னைப் பத்தி விட்டீரே, கருவாட்டுக் கடை எந்தத் திக்குன்னு தெரியுமான்னு. அதே மாதிரி. அன்னைக்கு நீரு பேசின பேச்சுக்குத்தானே வே நான் சந்தைக்கே போனேன்!"

"நான் பேசினேனா? என்னைக்கு?"

"சந்தைக்குப் போனதுக்கு முந்தின நாளு. சாயங்காலம்."

"அன்னைக்கு நான் ராயகிரியில மச்சான் வீட்டுல்லா இருந்தேன்! கோயில் கொடை விழாவுக்குப் போயிட்டு, நீங்க கருவாடு அனுப்பின அன்னைக்குக் காலையிலதான் பஸ்ஸை விட்டு எறங்கினேன்."



அப்பா மெதுவாகத் திரும்பினார். என் தொண்டையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக அம்மாவைப் பார்த்தார்.

அம்மா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா, சாரல் விழ ஆரம்பிச்சாச்சு" என்றாள். "கருவாட்டுக்குப் பிடிச்ச குடைதானே. எங்களுக்கும் கொஞ்சம் பிடிங்க."

அப்பா ஒரு தடவை செருமினார். குடையை விரித்துப் பின்பக்கமாகப் பிடித்தார்.

இப்போது சிரிக்கலாம்.