பொயிலர் எரிய மறுத்த காலை

எனக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டில் எது பழுதானாலும் "எனக்கு விளங்காது" என்று சொல்ல வாய் வராது. ஒன்பது வருடத்துக்கு முன், ஒரு ஜனவரிக் காலையில், அது முற்றிப்போய்விட்டது.

மனைவி வதனியும், பிறந்து மூன்றே நாளான மகளும் ஆஸ்பத்திரியிலிருந்து மத்தியானம் வருகிறார்கள். புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர்நாட்டில், பிளேஸ்டோவில் இருக்கும் எங்கள் வீட்டைச் சூடாக்கி வைப்பது மட்டும்தான் என் வேலை. (பிள்ளை பெறுகிற வேலையை அவ பார்த்துக்கொண்டா.) வீட்டைச் சூடாக்கும் காஸ் பொயிலரைப் போட்டேன். டிக் டிக் டிக் என்றது. எரியவில்லை.

சும்மா இருந்தேனா? ரீசெட் பட்டனைப் பதினெட்டுத் தரம் அமத்தினேன். பிரஷர் பார்த்தேன். பொயிலரின் வெளிக்குழாய் குளிருக்கு உறைந்திருக்கும் என்று இண்டர்நெட் சொன்னது. கேத்தில் கேத்திலாக இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அது நிலத்தில் ஓடி ஐஸாகி, நானே அதில் வழுக்கி விழுந்தேன்.

மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு தந்த பக்கத்து வீட்டு மேரி அக்கா, மன்னார்க்காரி, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"தம்பி, ஆரையும் கூப்பிடன்."

"வேண்டாம் அக்கா, கிட்டத்தட்டக் கண்டுபிடிச்சிட்டன்." (கண்டுபிடித்தது முழங்கால் காயத்தை மட்டும்.)

பதினொரு மணிக்கு ரோஷத்தை விட்டு, காஸ் வேலை செய்யும் சிவா அண்ணைக்குப் போன் எடுத்தேன். ரெண்டு மணிக்குத்தான் வர ஏலும் என்றார். வதனி ஒரு மணிக்கே வந்துவிட்டா.

"என்னப்பா இது? இதைவிட வெளியில சூடா இருக்கு!"

சொல்லும்போதே அவவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேரி அக்கா ஓடிவந்து பிள்ளையை வாங்கிப் போர்வையால் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தா. வதனியும் பின்னாலே போனா. நான் குளிர்ந்த ஹோலில் தனியே நின்றேன். வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

சிவா அண்ணை வந்ததும் முதல் கேள்வி, "காஸ் வருதோ?"

"என்ன அண்ணை, எனக்கு உதுகூடத் தெரியாதே?"

அவர் காஸ் மீட்டர் அலுமாரியைத் திறந்து பார்த்தார். "தம்பி, இந்த வால்வை ஆர் பூட்டினது?"

நான்தான். வேறு யார்? யாழ்ப்பாணத்தில் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போதெல்லாம் காஸ் சிலிண்டரைப் பூட்டிப் பழகிய கை. வதனி நோவில் துடிக்க, வாசலில் டாக்ஸி ஹோர்ன் அடிக்க, ஓடிப்போய் இந்த வால்வைப் பூட்டியிருக்கிறேன். (அவவின் உடுப்புப் பையைத்தான் மறந்துபோனேன்.) மூன்று நாளில் ஒருதரம் காஸ் அடுப்பைப் பத்தவைத்திருந்தாலும் தெரிந்திருக்கும். நானோ பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் நின்று, இரவில் வந்து போர்வைக்குள் புகுந்து, மேரி அக்காவின் புட்டிலும் கரண்ட் கேத்தில் தேத்தண்ணியிலும் சீவித்தேன்.

அண்ணை எல்லாம் சரிபார்த்துத் திறந்துவிட, பொயிலர் உடனே எரிந்தது. ஆனால் சுவரெல்லாம் குளிர் விடவேண்டுமே! மகள் அன்று பால் குடித்து நித்திரையானது மேரி அக்கா வீட்டில்தான். அடுத்தநாள்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. அறையைத் துப்புரவாக்கச் சொன்னால் போதும், ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, "நான் என்ர முதல் வீட்டுக்குப் போறன்" என்று வெளிக்கிட்டுவிடுவாள். மேரி அக்காவும் கதவைத் திறந்து, என் காதில் விழும்படியாகச் சொல்லுவா:

"வாடி ராசாத்தி, உள்ளுக்கு வா. இஞ்ச சூடு இருக்கு."