பீரங்கிக்கு எண்ணெய் போட்ட விவரம்

மதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே தங்கை நலம்; அவள் அனுமதித்த அளவுக்கு நானும் நலம். அங்கே அக்காவின் முதுகுவலி தேவலையா என்று அறிய ஆவல்.

"பொண்ணுக்குத் தொண்டையே இல்ல, கடலோரப் பூங்காவுல வழிகாட்டி வேலை எதுக்கு? என் துணிக்கடையில உக்காரட்டும்" என்று சொல்லியிருந்தீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில். மூன்று மாதப் பயிற்சி முடிந்து, போன சனிக்கிழமை அதிகாரியம்மா அவள் கூடவே நடந்து கேட்டுவிட்டு, வேலை நிரந்தரமா இல்லையா என்று முடிவு செய்வதாக ஏற்பாடு. நானும் வருவேன் என்றேன். "வாங்கப்பா. ஆனா எங்கப்பான்னு யாருக்கும் தெரியக்கூடாது, கைதட்ட ஆள் கூட்டிட்டு வந்தேன்னு நினைப்பாங்க. எதையும் தொடவும் கூடாது" என்றாள். இரண்டுக்கும் சத்தியம் செய்தேன்.

வாசலில் காவலர் வருகைப் பதிவேட்டை நீட்டினார். எட்டாவதோடு நின்றவனுக்குப் படிவம் என்றால் பயபக்தி. ஒரு கட்டம் விடாமல் நிரப்பிவிட்டு, கூட்டத்தில் யாரோ ஒருவனாகக் கலந்து, மகளுக்கே "வணக்கம் மேடம்" சொன்னேன். நடிப்பில் குறை வைக்கவில்லை. மணல்மேடு, நாணல், பறவைகள், போர்க்காலத்துப் பதுங்கறைகள் என்று அவள் அழகாகத்தான் விளக்கினாள், ஆனால் கடற்காற்று அவள் குரலைப் பாதிவழியிலேயே பிடுங்கிக்கொண்டது. "படம் ஓடுது, சத்தம் வரல" என்றார் என் பக்கத்தில் நின்ற ஒருவர். அதிகாரியம்மா ஏதோ குறித்துக்கொண்டார். கவலை வந்தால் என் கை சும்மா இருக்காது, பம்பு மெக்கானிக் கை அல்லவா, அந்த நேரம் பார்த்துக் குன்றின் உச்சியில் பீரங்கி வந்து சேர்ந்தது. ஒரு தடவைகூடச் சுட்டதில்லையாம், எதிரி அந்தப் பக்கமே வரவில்லை. திருப்புகிற சக்கரம் துருவேறி அறுபது வருஷமாக அசையவில்லை என்றாள். மச்சான், அசையாது என்று என்னிடம் சொல்லலாமா? பையிலிருந்த எண்ணெயில் நாலு சொட்டு, ரெண்டு தட்டு, தோளைக் கொடுத்து ஒரு தள்ளு. பீரங்கி முனகியது, கடலை விட்டு நிதானமாகத் திரும்பியது, பூங்கா அலுவலகத்தைக் குறிபார்த்து நின்றது. குழலுக்குள்ளிருந்து கடற்பறவை ஒன்று அலறிக்கொண்டு வந்து என் வழுக்கையில் இரண்டு கொத்து கொத்தியது.

"யோவ் பெரியவரே, கையை எடுய்யா!"

குன்றே அதிர்ந்தது. யாரென்று பார்த்தால் நம் பொண்ணு!

"உள்ள கூடு இருக்கு, தொடாதீங்கன்னு பலகை வச்சிருக்கே, படிக்கத் தெரியாதா? எல்லாரும் பத்தடி பின்னால போங்க. நீங்க இருபதடி!"

போனேன். பறவை திரும்பிக் கூட்டில் அடங்கும்வரை அத்தனை பேரையும் நிற்கவைத்து அதன் சரித்திரத்தைச் சொன்னாள். இருபதடியிலும் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "இப்பதான் சத்தம் வருது" என்றார் அந்த மனிதர். மூன்று முட்டையும் பத்திரம்.

முடிவு இன்னும் தெரியவில்லை. மகள் என்னோடு பேசவும் இல்லை. வேலை போனால் பழி என்னுடையது, துணிக்கடை உங்களுடையது. ஒரு சத்தியம் போனாலும் இன்னொன்றைக் காப்பாற்றிவிட்டேன்: நான் யாரென்று ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு, கொத்து வாங்கிய இந்தத் தலையின் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் உத்தரவு வந்துவிட்டது. வேலை நிரந்தரம். அதிகாரியம்மா எழுதிய காரணம்: "பெற்ற தகப்பன் என்றும் பாராமல் கண்டித்தார்." எப்படித் தெரிந்தது என்று மகள் போய் விசாரித்திருக்கிறாள். பதிவேட்டில் 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில், "என் மகள் வேலை பார்ப்பதைப் பார்க்க" என்று முத்து முத்தான கையெழுத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேனாம்.