ஜெஸிந்தாவின் சிவப்பு பிளாஸ்க்

பிளாஸ்க்கைக் காணோம்.

அலமாரி, கட்டிலடி, கடைசியில் கோழிக்கூடு வரைக்கும் சில்வஸ்டர் தேடிவிட்டார். அடுப்படியில் கேமராவை ஸ்டாண்டில் பொருத்திக்கொண்டிருந்த ஆஷ்லி, "வேற பிளாஸ்க் வெச்சுக்கலாம் அங்கிள்," என்றாள்.

"அந்தச் சிவப்பு பிளாஸ்க் இல்லாம ஜெஸிந்தா டீயாம்மா?"

தேசிய இணைய அருங்காட்சியகத்திலிருந்து வந்தவள் ஆஷ்லி. ஊர் ஊராகப் போய் மக்களின் வீட்டுச் சுவைகளைப் படம்பிடித்து இணையத்தில் காட்சிக்கு வைப்பது அவர்கள் வேலை. நீலகிரி மலையில் இந்தக் கட்டபெட்டு ஊரிலிருந்து தேர்வானது சில்வஸ்டர் எழுதிப்போட்ட 'ஜெஸிந்தா டீ'. மனைவி போய் ஒன்பது மாதம். கல்லறையில் அவள் பேர் இருக்கிறதுதான். அங்கே இவரைத் தவிர யார் போகிறார்கள்? இணையத்தில் இருந்தால் டெல்லிக்காரன்கூடப் பார்ப்பான்.

மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வுபெற்ற மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே பெருமை, கல்யாணத்துக்குப் பிறகு கடை டீயை நாக்கில் வைத்ததில்லை என்பது. முதல் வாரம் ஜெஸிந்தா போட்ட டீ வாயில் வைக்கும்படி இல்லை. அவளுக்குத் தெரியாமல் ஜன்னல் வழியே டேலியாச் செடிக்கு ஊற்றினார். பிறகு திடீரென்று அவளுக்குப் பக்குவம் பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து அமிர்தம். இவர் எழுவதற்குள் டீ போட்டு, பிளாஸ்க்கோடு காலைப் பூசைக்குப் போவாள். கோயில் பாதிரியாரான பங்குச்சாமிக்குக் கொடுத்தது போக மீதி வீட்டுக்கு வரும்.

அவள் டீ போடுவதை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

தானே போட்ட முதல் டீயை உறிஞ்சிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது ஜெஸிந்தா இல்ல."

"ஏனுங்கண்ணா, இஞ்சி தட்டிப் போட்டுப் பாருங்க. அக்கா டீயில ஒரு காரம் இருக்கும்," என்றாள் பக்கத்து வீட்டுச் சுகந்தி.

போட்டார். பால் திரிந்தது.

படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்த கோயில் பாடகர் குழு பிராங்ளின், "காரம்னா மிளகுங்க," என்றார். மிளகு விழுந்தது. ஜெஸிந்தாவின் தங்கை ஷைனாவை போனில் பிடித்தார்கள். "உப்பு ஒரு கல்லு போடுங்க மாமா. எங்கம்மா அப்பிடித்தான் போடும்," என்றாள். அதுவும் விழுந்தது.

பிராங்ளின் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணா, சோறு இருந்தாக் கொண்டாங்க. பிசைஞ்சு சாப்புட்டுரலாம்."

சுகந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமா, நம்ம பங்குச்சாமி காபிதானுங்களே குடிப்பாரு?" என்றார் பிராங்ளின், எதையோ யோசித்தவராக.

"ஜெஸிந்தா டீன்னா குடிப்பாரு," என்று அடித்துச் சொன்னார் சில்வஸ்டர்.

வெளியே மூடுபனி இறங்கத் தொடங்கியது. ஆஷ்லிக்குக் குன்னூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"அங்கிள், இணையத்துல யாரும் குடிச்சுப் பாக்கப் போறதில்ல. கலர் வந்தாப் போதும். எடுத்துடட்டுமா?"

சில்வஸ்டர் அடுப்பை அணைத்தார். "வேண்டாம்மா. அவ பேரைப் போட்டு வேற டீயைக் காட்டினாப் பொய்யாயிரும். அவ எங்கிட்ட ஒரு பொய் சொன்னவ இல்ல. ஜெஸிந்தா டீ அவளோட போயிருச்சுன்னு எழுதிக்கங்க."

ஆஷ்லி கேமராவைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"அண்ணா, உள்ள வரலாங்களா?"

கோயில் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் மாரிச்சாமி. கையில் சிவப்பு பிளாஸ்க்.

"ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு அக்கா கடையில விட்டுட்டுப் போனது. இன்னைக்குப் படம் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். வெறும் பிளாஸ்க்கைக் குடுக்க மனசு வரல."

சில்வஸ்டர் மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். திறக்கும்போது நனைந்திருந்தது.

"அவளேதான்," என்றார். "மாரி, உனக்கு இதை ஜெஸிந்தா சொல்லிக் குடுத்தாளா?"

மாரிச்சாமி சுவரிலிருந்த ஜெஸிந்தாவின் படத்தை, மன்னிப்புக் கேட்பதுபோல ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அக்கா கோயிலுக்குப் போறப்ப பிளாஸ்க் காலியாத்தானுங்க இருக்கும். நீங்க டேலியாச் செடிக்கு ஊத்தினதைப் பாத்த நாள்ல இருந்து, திரும்பி வர்றப்ப எங்கடையிலதான் ரொப்பிட்டு வருவாங்க."