யார் அப்பன் வீட்டுக் காசு?

தெருவுக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். சில தெருக்களில் இரண்டு பேர் இருந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வதும் உண்டு. பகலில் தெருவிளக்கு எரிந்தால் இவர் நின்றுவிடுவார். பூங்காவில் நீரூற்று பீச்சியடித்தால் நின்றுவிடுவார். ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனால், உள்ளே இருப்பவர் பிழைக்க வேண்டுமே என்று நாம் நினைப்போம். இவரோ, உள்ளே உண்மையிலேயே ஆள் இருக்கிறாரா, இல்லை டிரைவர் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறாரா என்று எட்டிப் பார்ப்பார். பிறகு கேள்வி வரும். "யார் அப்பன் வீட்டுக் காசு?"

பதில் அவருக்குத் தெரியும். அவருடைய அப்பன் வீட்டுக் காசுதான்! ஊரில் இத்தனை லட்சம் பேர் வரி கட்டினாலும், ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு குழாயும் தன் ஒருவருடைய வரியில்தான் ஓடுகிறது என்பது இந்த ரகத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரியும். முகம்கூட இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும்.

நான் சொல்லப்போகிறவரைத் தெருவில் 'ஆடிட்டர்' என்பார்கள். ஆடிட்டருக்கு அவர் படித்ததில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் மேஜை அவருடையது. அந்த மேஜையில் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "நீங்க ஏன் அங்க போனீங்க?" மாடிப்படியில் வழுக்கி விழுந்தவரா? ஏன் மாடிக்குப் போனீங்க? கார் மேல் மரம் விழுந்ததா? மரம் இருக்கற எடத்துல ஏன் நிறுத்துனீங்க? கேட்கக் கேட்க வந்தவருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிடும். கையில் கட்டோடு வந்த ஒருவர் கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனதை ஆடிட்டர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார்.

ஆனால் மாடியில் விழுகிறவர்கள் மேல் அவருக்கு இருப்பது வெறும் சலிப்பு. ஆத்திரமெல்லாம் மலை ஏறுகிறவர்கள் மேல்தான். ஊருக்கு வெளியே ஒரு மலை. விடுமுறை வந்தால் போதும், யாராவது ஏறுவார், மாட்டிக்கொள்வார், மீட்புக் குழு கயிறும் ஜீப்புமாகப் போகும், மறுநாள் பேப்பரில் போர்வை போர்த்திய படம் வரும். ஆடிட்டருக்கு அன்றைக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. இறங்காதே தவிர, நன்றாகச் சாப்பிடுவார்.

போதாததற்கு அந்த மீட்புக் குழுவில் அவருடைய மச்சினரே இருந்தார். மனைவியின் தம்பி, பல் டாக்டர். வாரம் முழுக்க ஊரார் வாயைப் பார்த்துவிட்டு, லீவு நாளில் சம்பளமில்லாமல் மலையில் தொங்குகிற மனுஷன். அவர் சாப்பிட வந்தால் ஆடிட்டர் பேப்பரைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துவிடுவார்.

"மாப்ளே, சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறான். எடுக்கறதுக்கு மட்டும் ஊர்ச் செலவா?"

"நாங்க யாரும் சம்பளம் வாங்கறதில்லையே அத்தான்."

"கயிறு யார் காசு? ஜீப்புக்கு டீசல் யார் காசு? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு வாரி வாரி ஊத்தறீங்க! பில்லைக் கையில குடுத்துட்டுத்தான் கயித்தைக் கீழ விடணும்."

"தொங்கிட்டு இருக்கறவன் எந்தக் கையால அத்தான் பில்லை வாங்குவான்?"

"வாயால கவ்வட்டும்!"

பல் டாக்டர் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிப்பார். "பில் வரும்னு தெரிஞ்சா பயந்துக்கிட்டு லேட்டாத்தான் கூப்பிடுவாங்க. நாங்க போய்ச் சேர்றப்ப ஆள் இருக்காது." ஆடிட்டரின் மனைவி இரண்டு பேர் தட்டிலும் இன்னும் கொஞ்சம் வைத்து, வாய்களை அடைப்பார்.

இப்படி இருக்கையில் ஒரு லீவு நாள், மலை உச்சியிலிருந்து ஊரைப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் ஆசைப்பட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஆசைப்பட்டது மிகவும் சொற்பம் என்பதால் ஆடிட்டரும் கிளம்பினார். அடிவாரத்தில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு பெண். நடைபாதைப் பராமரிப்புக்கு ஆளுக்கு ஒரு டிக்கெட் என்றாள்.

ஆடிட்டர் நின்றுவிட்டார்.

"மலையை யாரும்மா கட்டினது? உங்க ஆபீஸா?"

"ஏங்க, நான் குடுத்துடறேன், வாங்க."

"காசு பெரிசில்லைடி. கொள்கை! நீ இந்த வழியாப் போ. நான் பக்கவாட்டுல ஏறி, உனக்கு முன்னாடி மேல நிக்கறேன்."

பக்கவாட்டில் வழி இல்லை. புதர் இருந்தது, புதருக்கு அப்பால் உதிர்கல் சரிவு இருந்தது, சரிவுக்குக் கீழே, கட்டில் அகலத்துக்குப் பாறைத் திட்டு ஒன்று இருந்தது. முதல் இரண்டையும் அவர் தாண்டிய வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். திட்டில் போய் உட்கார்ந்தபோது ஒரு கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. மேலே வழவழப்பான பாறை. கீழே பார்க்காமல் இருப்பது நல்லது.

பையில் போன் மட்டும் பத்திரமாக இருந்தது. உச்சியிலிருந்து மனைவி கூப்பிட்டார்.

"எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் வந்துகொண்டே இருந்தார். மூன்றாவது தடவை ஆடிட்டர் குரலில் அதட்டலே இல்லை. "வந்துட்டே இருக்கேம்மா" என்றார். அம்மாவா? அந்த அம்மாளுக்கு அது போதும். போனை வைத்துவிட்டு அடுத்த நிமிஷம் தம்பியைக் கூப்பிட்டார். இது ஆடிட்டருக்குத் தெரியாது.

மீட்புக் குழுவின் நம்பர் ஆடிட்டருக்கு மனப்பாடம். புகார் சொல்லிச் சொல்லி மனப்பாடமானது. விரல் அதன் மேல் போகும், சுட்டுக்கொண்ட மாதிரி திரும்பிவிடும். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? நாளைப் பேப்பரில் போர்வையோடு தன் முகம். சாப்பாட்டு மேஜையில் மச்சினரின் புன்சிரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, காதுக்குள் அவருடைய குரலிலேயே ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்: நீங்க ஏன் அங்க போனீங்க? மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொன்னதே இல்லை. வெயில் இறங்கியது, காற்று குளிர்ந்தது. இருட்டிவிட்டால் இந்தத் திட்டில் தூக்கம் வந்து ஒரு புரண்டு புரண்டால் போதும். பயந்துபோனார். நிஜமாகவே பயந்துபோனார். மேலே தனியாக நிற்கும் மனைவியை நினைத்துக்கொண்டார்.

அப்போது கீழ்ச் சரிவில் ஆரஞ்சு நிறச் சட்டைகள் தெரிந்தன. தலையில் ஹெல்மெட், தோளில் கயிறு. எதிர்க்காற்றில் அவர்கள் கத்துவது தெரிந்ததே தவிர, என்ன கத்துகிறார்கள் என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? சட்டையைக் கழற்றி ஆட்டுவோம். ஆடிட்டர் யோசித்தார். நாம் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடாதவனைத் தேடி யாரும் வரமாட்டார்கள். ஆகவே வேறு எவனோ கொழுப்பெடுத்தவன் இந்த மலையில் மாட்டிக்கொண்டிருக்கிறான்! நாம் மாட்டிக்கொள்ளவில்லை. நமக்குக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

சட்டென்று கால் வலி குறைந்தது. பழைய ஆத்திரம் வந்ததும் உடம்பில் சூடுகூட ஏறியது. போனை எடுத்தார், நன்றாகப் பெரிதாக்கி வீடியோ எடுத்தார், குடும்பக் குழுவில் போட்டு, மச்சினர் கண்ணில் படட்டும் என்றே எழுதினார்: "பாருங்கள் மாப்பிள்ளை. எவனோ ஒரு முட்டாளுக்காக எட்டுத் தடியர்கள். யார் அப்பன் வீட்டுக் காசு?"

அனுப்பிவிட்டுக் கீழே பார்த்தார். எட்டுத் தடியர்களில் ஒருவன் நின்று பையிலிருந்து போனை எடுத்தான். மற்றவர்கள் அவனைச் சுற்றிக் கூடினார்கள். வேலை நேரத்தில் போன்! ஆடிட்டர் அதையும் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

அந்த வீடியோ இப்போதும் இருக்கிறது. எட்டு ஹெல்மெட்டுகள் ஒரு போனின் மேல் குனிந்திருக்கின்றன. பிறகு எட்டும் ஒன்றாகத் திரும்புகின்றன. எட்டு முகங்களும் நிமிர்ந்து, உங்களை நேராகப் பார்க்கின்றன. நடு முகம் பல் டாக்டருடையது. அதற்குமேல் படம் ஆடுகிறது.

சுற்றி மேலே ஏறி, கயிற்றில் இறங்கி வந்த மச்சினர், நாற்காலியில் சாய்த்த நோயாளியிடம் பேசும் குரலில் பேசினார். "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. லேசா ஒரு இழு இருக்கும், அவ்வளவுதான்."

"மாப்ளே, நான் கூப்பிடலை. அதை மொதல்ல தெரிஞ்சுக்குங்க."

"சரி அத்தான்."

"சும்மா ரெஸ்ட் எடுத்துட்டு இருந்தேன்."

"சரி அத்தான். கையைக் குடுங்க."

ஸ்ட்ரெச்சரில் கட்டினார்கள், இறக்கினார்கள். ஆடிட்டர் காத்துக்கொண்டே இருந்தார். ஏன் அங்கே போனீர்கள் என்று எவனாவது கேட்பான், கேட்டால் சொல்ல நாலைந்து பதில் தயாராக வைத்திருந்தார். ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு மீசைக்காரர் தன் சட்டையைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டார். குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று என்று சொன்னார், யாரும் மறுக்கவில்லை.

அடிவாரத்தில் மனைவி ஓடி வந்து கையைப் பிடித்தவர் விடவே இல்லை. "உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் எந்த அப்பன் வீட்டுக்குப் போவேன், சொல்லுங்க!" என்று அழுதார்.

மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்கள். இந்த ரகத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, அடுத்த வாரச் சாப்பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஸ்ட்ரெச்சர்ல முதுகுக்கு ஒரு மெத்தை வெச்சிருக்கலாம் மாப்ளே. கொஞ்சம் சீக்கிரமாவும் வந்திருக்கலாம்."

"நாங்க உங்களைத் தேடிட்டு இருந்தோம் அத்தான். நீங்க எங்களை வீடியோ எடுத்துட்டு இருந்தீங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்! அந்த வீடியோவை நான் அனுப்பலைன்னா கண்டுபிடிச்சிருப்பீங்களா? பார்க்கப்போனா என்னை நான்தான் காப்பாத்திக்கிட்டேன்."

"அப்ப பில் போட்டுடலாமா அத்தான்?"

"எதுக்கு பில்லு? இதுக்குத்தானேய்யா வரி கட்டறோம்!"

"மத்தவங்களுக்கு?"

"அவனுங்க வேற, நான் வேற. அவனுங்க கொழுப்பெடுத்து ஏறுனானுங்க. நான் கொள்கைக்காக ஏறினேன்."

ஆபீசில் மட்டும் ஒரு சின்ன மாறுதல் என்கிறார்கள். கட்டோடு யாராவது வந்து உட்கார்ந்தால் ஆடிட்டர் வாயைத் திறக்கிறார், என்னவோ தடுக்கிறது, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்கிறார். வந்தவர் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கும்வரை பொறுமையாக இருக்கிறார். பிறகு, "சரி, ஏன் அங்க போனீங்க?" என்கிறார்.

இத்தனை நேரம் சிரித்துக்கொண்டிருந்த உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வீங்கின காலோடு அந்தத் திட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, இருட்டப் போகிறதே என்று பயந்துபோனாரே, அப்போது உங்கள் மனசுக்குள் என்ன ஓடியது? "நல்லா வேணும்" என்றுதானே? "டிக்கெட் எடுக்காம அந்தப் பக்கம் ஏன் போனாராம்?" என்றுதானே?

வெட்கப்படாதீர்கள், ஆரம்பத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் வரும். நாளைக் காலை தெருவில் நடக்கும்போது எங்கேயாவது பகல் விளக்கு எரிந்தால், உங்கள் கால் தானாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நின்றால், அந்த மீட்புக் குழுவின் நம்பரை இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எப்படியும் நீங்கள் கூப்பிடமாட்டீர்கள். அதனால் வீடியோ எடுக்கவும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்.